ஜிபிஎஸ் தடம் சாலையில் உட்காரவில்லையா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

பள்ளி வேன், பால் வண்டி, செங்கல் லாரி, குப்பை வண்டி என்று கடந்த சில ஆண்டுகளில் என் மேசைக்கு வந்த தடக் கோப்புகளுக்குக் கணக்கில்லை. கொண்டுவருபவர்களின் புகார் ஏறக்குறைய ஒன்றுதான்: வண்டி போனது ஒரு சாலை, மென்பொருள் காட்டுவது வேறு சாலை. அவர்கள் ஏற்கெனவே செய்து பார்த்த வைத்தியமும் ஒன்றுதான். தேடும் ஆரத்தை, அதாவது ஒவ்வொரு ஜிபிஎஸ் புள்ளியையும் சுற்றி எவ்வளவு தூரம் வரை சாலை தேடுவது என்ற எண்ணை, கூட்டியிருப்பார்கள். 50 மீட்டரை 100 ஆக்கி, அதுவும் போதாமல் 500 ஆக்கி, கடைசியில் கோட்டை எங்கேயாவது ஒட்டவைத்துவிட்டு வந்திருப்பார்கள். ஆரத்தைக் கூட்டினால் பிழைச் செய்தி மறையும், பிழை மறையாது. ஆகவே இந்த வழிமுறையில் அந்தத் திருகாணிக்குக் கடைசி இடம்தான்.

இங்கே சொல்பவை, ஜிபிஎஸ் புள்ளிகளை வரைபடச் சாலையோடு பொருத்தும் எந்திரங்களான (மென்பொருள்களான) வல்ஹல்லா, ஓஎஸ்ஆர்எம் ஆகிய இரண்டையும், யாரும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் சாலைத் தரவோடு ஓட்டிப் பழகியவை. அதே வகை எந்திரமான கிராஃப்ஹாப்பர் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

தொடங்குமுன் கைவசம் வேண்டியவை

வண்டியில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியான டிராக்கர் அனுப்பிய மூலக் கோப்பு வேண்டும். நிறுவனத்தின் செயலி அழகுபடுத்தித் தரும் அறிக்கை உதவாது. அதில் பாதிப் புள்ளிகளை ஏற்கெனவே யாரோ நகர்த்தியிருப்பார்கள். அடுத்து, உண்மை தெரிந்த ஒரு பயணம் வேண்டும். நீங்களே அந்த வண்டியில் போயிருந்தால் நல்லது, இல்லையென்றால் ஓட்டுநரிடம் கேட்டு வழியை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அடுக்கின்மேல் அந்த மூலப் புள்ளிகளைப் போட்டுப் பாருங்கள். கண்ணால் பார்க்காமல் எந்த எண்ணையும் மாற்றாதீர்கள்.

இன்னொரு கருவி, நான் அதிகம் நம்புவது: வழி கேட்கும் சோதனை. தடம் கெட்டுப்போகும் இடத்துக்கு 200 மீட்டர் முன்னே ஒரு புள்ளி, 200 மீட்டர் பின்னே ஒரு புள்ளி. இரண்டுக்கும் இடையே அதே எந்திரத்திடம் சாதாரணமாக வழி கேளுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இணையதளத்தின் வழிகாட்டும் பெட்டியிலேயே இதைச் செய்யலாம். நேர்வழி சொன்னால் கோளாறு உங்கள் தடத்தில். சுற்றுவழி சொன்னால் கோளாறு வரைபடத்தில். அரை நிமிட வேலை, அரை நாள் மிச்சம்.

## அறிகுறி 1: ஒரு புள்ளிகூடப் பொருந்தவில்லை

ஓஎஸ்ஆர்எம் "பொருத்தம் இல்லை" என்கிறது, அல்லது வல்ஹல்லா 444 என்ற எண்ணைக் காட்டுகிறது. முதல் கேள்வி: மூலப் புள்ளிகள் வரைபடத்தில் எங்கே விழுகின்றன?

வட துருவத்தின் பக்கம். அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிவிட்டன. சென்னை சென்ட்ரல் பக்கம் 13.0827, 80.2707. இதைத் திருப்பிப் போட்டால் ஸ்வால்பார்டு தீவுகளை அடுத்த ஆர்க்டிக் கடலில் போய் விழும். ஓஎஸ்ஆர்எம்முக்கு அனுப்பும் இணைய முகவரியில் தீர்க்கரேகைதான் முதலில் வரவேண்டும். நாம் வாயால் சொல்லும் வழக்கமோ நேர்மாறு. என்னிடம் வரும் "எதுவுமே வேலை செய்யவில்லை" அழைப்புகளில் பாதி இதுதான்.

ஊர் சரிதான், ஆனால் சில கிலோமீட்டர் தள்ளி. டிராக்கர் பாகையையும் கலையையும் (பாகையில் 60இல் ஒரு பங்கு) ஒட்டிவைத்து 1304.962 என்று அனுப்பியிருக்கும். யாரோ அதை நூறால் வகுத்து 13.04962 ஆக்கியிருப்பார்கள். சரியான கணக்கு: முதல் இரண்டு இலக்கம் பாகை, மீதமுள்ள 4.962 கலையை 60ஆல் வகுத்தால் 0.0827, ஆக 13.0827. தவறான கணக்கில் வண்டி தெற்கே மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். தீர்க்கரேகையில் 8016.242ஐயும் அப்படியே வகுத்திருந்தால் மேற்கே இன்னொரு 11 கிலோமீட்டருக்கு மேல். கண்டுபிடிக்க எளிய வழி: தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் முதல் இரண்டு இலக்கம், பல ஊர்களைக் கடந்த கோப்பு முழுவதும் 60ஐ எட்டவே இல்லையென்றால் இதைச் சந்தேகியுங்கள்.

ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கினி வளைகுடாவில். அட்சரேகை 0, தீர்க்கரேகை 0. செயற்கைக்கோள் கிடைக்காதபோது டிராக்கர் அனுப்பிய வெற்று வரி அது. நீக்கிவிடுங்கள்.

வங்காள விரிகுடாவில். உலகை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் யுடிஎம் முறையில் மண்டலக் குழப்பம். தமிழ்நாட்டை 78 பாகைத் தீர்க்கரேகை நடுவே வெட்டிச் செல்கிறது. கோயம்புத்தூர் 43ஆம் மண்டலம், சென்னையும் மதுரையும் 44. கோவைத் தரவுக்கு 44 என்று பெயர் சூட்டினால் 650 கிலோமீட்டர் கிழக்கே தள்ளிக் கடலில் நிற்கும். அடுக்கு எந்தக் குறியீட்டு முறையில் இருக்கிறது என்ற பெயரை மட்டும் மாற்றி எழுதுவது வேறு, புள்ளிகளின் எண்களையே புது முறைக்குக் கணக்கிட்டு மாற்றுவது (மறுவீழல்) வேறு. க்யூஜிஐஎஸ்ஸில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளைகள் இருக்கின்றன. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்ததாக நினைப்பது வழக்கமான தவறு.

சரியான இடத்தில்தான் விழுகின்றன. அப்படியானால் இந்த வரிசையில் பாருங்கள்:

1. சர்வரில் ஏற்றியிருப்பது எந்தப் பகுதியின் சாலைத் தரவு? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை இறக்கிக்கொள்ளத் தரும் ஜியோஃபேப்ரிக் தளம் இந்தியாவை மண்டலங்களாகவும் பிரித்துத் தருகிறது. தென் மண்டலக் கோப்பை ஏற்றிவிட்டு நாக்பூர் போன லாரியைத் தேடினால் கிடைக்காது.
2. ஒரே முறையில் எத்தனை புள்ளிகள் அனுப்பினீர்கள்? ஓஎஸ்ஆர்எம் இயல்பாக 100 புள்ளிகளுக்கு மேல் வாங்காது. தொடங்கும்போதே அந்த வரம்பை உயர்த்தி ஓட்ட வேண்டும். வல்ஹல்லா 16,000 புள்ளிகள் வரை வாங்கும், ஆனால் தடத்தின் நீளம் 200 கிலோமீட்டரைத் தாண்டினால் மறுத்துவிடும். சென்னையிலிருந்து மதுரை போன பஸ்ஸின் தடத்தை ஒரே மூச்சில் ஊட்ட முடியாது. வெட்டி அனுப்புங்கள், அல்லது அமைப்புக் கோப்பில் வரம்பை மாற்றுங்கள்.
3. வல்ஹல்லாவில் பிழை எண் 443 என்றால், "எட்ஜ் வாக்" முறையைத் தேர்ந்திருக்கிறீர்கள். அது அதே எந்திரம் வரைந்த கோட்டை மீண்டும் படிப்பதற்கானது. டிராக்கர் புள்ளிகளுக்கு "மேப் ஸ்னாப்" வேண்டும்.
4. வண்டி வகை. ஓஎஸ்ஆர்எம்மின் இயல்பான கார் அமைப்பு, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் "டிராக்" (வயல்வெளி மண்பாதை) என்று குறித்த பாதைகளைச் சாலையாகவே எண்ணாது. நம் ஊர்ப்புறங்களில் தார் போட்ட சாலையையும் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து அப்படிக் குறித்தவர்கள் உண்டு. கரும்பு ஏற்றப்போன டிராக்டர் காணாமல் போவது இதனால்தான். தார்ச்சாலை என்று உறுதியாகத் தெரிந்தால் வரைபடத்தில் திருத்துங்கள். மண்பாதைதான் என்றால் அமைப்புக் கோப்பில் அந்த வகையைச் சேர்த்துச் சாலைத் தரவை மறுபடி தயாரியுங்கள்.

## அறிகுறி 2: பொருந்தியது என்கிறது, ஆனால் விடைக்கோடு வேறெங்கோ வருகிறது

சுருக்கமாக முடியும். விடையைச் சுருக்கி எழுதும் முறையில் (கோட்டின் புள்ளிகளை ஒரே எழுத்துச்சரமாக அடக்குவது) ஓஎஸ்ஆர்எம் இயல்பாக 5 தசம இடங்களும் வல்ஹல்லா 6 தசம இடங்களும் வைக்கின்றன. ஒன்றின் விடையை மற்றதன் கணக்கில் விரித்தால் எண்கள் பத்து மடங்கு பெருகும் அல்லது சுருங்கும். சென்னைப் பயணம் 1.3, 8.0 என்று கினி வளைகுடாவுக்குப் போயிருந்தால் இதுதான். விரிக்கும் நிரலில் ஓர் எண்ணை மாற்றினால் தீர்ந்தது.

## அறிகுறி 3: தடம் முழுவதும் ஒரே திசையில் விலகி நிற்கிறது

வடிவம் அச்சாகச் சாலையைப் போலவே இருக்கிறது, ஆனால் எல்லாப் புள்ளியும் சம அளவு தள்ளி நிற்கிறது. அளவுகோலை எடுத்து மூன்று நான்கு இடங்களில் விலகலை அளந்து பாருங்கள்.

ஊர் முழுக்க, எல்லாச் சாலையிலும் ஒரே அளவில் சில நூறு மீட்டர் விலகல் என்றால், சாலை அடுக்கு பழைய வரைபடத்திலிருந்து வந்தது. நில அளவைத் துறையின் பழைய தாள்கள் 1830ஆம் ஆண்டின் எவரெஸ்ட் கோளவடிவத்தை (பூமியின் வடிவத்துக்கான ஒரு கணக்கு) அடிப்படையாகக் கொண்டவை. ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு கணக்கு. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுப் பயன்பாட்டுத் தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84இல் வருகின்றன. ஆனால் பழைய தாளைப் பார்த்து வரைந்த சாலைக் கோப்புகள் இன்னும் பல அலுவலகக் கணினிகளில் உயிரோடு இருக்கின்றன. கையால் இழுத்து நகர்த்திச் சரிசெய்யாதீர்கள். இங்கே பொருந்தினால் அங்கே விலகும். சரியான உருமாற்ற அளவைகளைக் கொண்டு மாற்றத் தெரிந்த புவித்தகவல் வல்லுநரிடம் ஒப்படைக்க வேண்டிய இடம் இது. வேறு வழி இருந்தால் அந்தக் கோப்பையே விட்டுவிட்டு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு மாறுவது மலிவு.

ஒரு பகுதியில் மட்டும், அதுவும் பத்து இருபது மீட்டர்தான் விலகல் என்றால், சாலையை வரைந்தவர் பார்த்த செயற்கைக்கோள் படமே நகர்ந்து இருந்திருக்கும். மலைப்பகுதிகளில் இது சாதாரணம். அதே சாலையில் வேறு நாள், வேறு வண்டி போன தடங்களை மேலே போடுங்கள். நான்கைந்து தடங்கள் ஒரே பக்கம் ஒன்றுகூடினால் அவைதான் சரி, வரைந்த கோடு தவறு. ஒரே ஒரு தடத்தை நம்பிச் சாலையை நகர்த்தக் கூடாது.

## அறிகுறி 4: பக்கத்துச் சாலைக்குத் தாவுகிறது

இங்கேதான் நேரம் அதிகம் செலவாகும். எந்தச் சாலையிலிருந்து எந்தச் சாலைக்குத் தாவுகிறது என்று பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

### பிரதான சாலையும் சர்வீஸ் சாலையும்

பழைய மகாபலிபுரம் சாலையிலும் வெளிவட்டச் சாலையிலும் இது தினசரிச் சண்டை. இரண்டு சாலைகளுக்கும் இடைவெளி பத்துப் பதினைந்து மீட்டர் இருக்கும். திறந்த வெளியில் நல்ல டிராக்கரே ஐந்து முதல் பத்து மீட்டர் வரை பிசகும். தூரத்தை மட்டும் வைத்து இதை எந்த மென்பொருளாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்வதாக விற்பவரை நம்ப வேண்டாம்.

முதலில் உங்களுக்கே ஒரு கேள்வி: இந்த வேறுபாடு உங்களுக்குத் தேவையா? கிலோமீட்டர்க் கணக்குக்கு வாடகை கொடுப்பவருக்கு எந்தக் கோட்டில் போனாலும் ஒன்றுதான். அப்படியே விட்டுவிடுங்கள். சுங்கச்சாவடி வழியாகப் போனதா, தவிர்த்ததா என்பது முக்கியம் என்றால் மட்டும் தொடருங்கள்.

செலவில்லாதது முதலில். தசம இலக்கங்களை எண்ணுங்கள். ஏதோ ஒரு விரிதாளில் நான்கு இலக்கமாகச் சுருக்கிவிட்டிருந்தால் 11 மீட்டர்க் கட்டத்துக்குள் எல்லாப் புள்ளியும் குதித்து உட்காரும். சர்வீஸ் சாலையைப் பிரித்தறியும் ஆசையை அங்கேயே விட்டுவிடலாம். ஐந்து இலக்கமாவது வேண்டும்.

அடுத்தது ஆரம். ஆம், இங்கே ஆரத்தைத் தொடலாம், ஆனால் குறைப்பதற்கு. ஓஎஸ்ஆர்எம் ஆரத்தைப் புள்ளி எவ்வளவு பிசகும் என்ற அளவாக எடுத்துக்கொள்கிறது, இயல்பு மதிப்பு 5 மீட்டர். அதை யாரோ 50 ஆக்கியிருந்தால், 12 மீட்டர் தள்ளியிருக்கும் சர்வீஸ் சாலையும் ஏறக்குறைய சம உரிமை பெற்றுவிடும். வல்ஹல்லாவில் தேடும் ஆரமும் ஜிபிஎஸ் துல்லியமும் தனித்தனி எண்கள். முன்னதை 50இலேயே வைத்துவிட்டுப் பின்னதைச் சரியாகக் கொடுங்கள். சிலநூறு மீட்டருக்கு ஒருமுறை அங்கும் இங்கும் தாவிக்கொண்டே இருந்தால், திரும்புவதற்கான தண்டனை எண்ணை (அடிக்கடி சாலை மாறும் விடையைத் தள்ளிவைக்கும் எண்) கூட்டிப் பாருங்கள்.

பிறகு வேகம். 80 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் போன பஸ், மாட்டு வண்டியும் தண்ணீர் லாரியும் நிற்கும் சர்வீஸ் சாலையில் போயிருக்காது. மென்பொருளுக்கு இது தெரியாது, நமக்குத் தெரியும். பொருத்திய பிறகு இதை ஒரு சிறு நிரலால் சோதித்து மாற்றலாம்.

### மேம்பாலமும் கீழ்ச் சாலையும்

கத்திப்பாராவில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து கிடக்கின்றன. உயரத்தை வைத்துப் பிரிக்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஜிபிஎஸ்ஸின் உயரப் பிழை அதன் கிடைமட்டப் பிழையைவிட அதிகம். பாலத்தின் உயரத்தையே அந்தப் பிழை விழுங்கிவிடும். பொருத்தும் எந்திரங்களும் உயரத்தைப் பார்ப்பதில்லை.

பிரிக்க உதவுவது ஏற்றமும் இறக்கமும்தான். பாலத்தில் ஏறும் சாய்வுத் தளத்தில் ஒரு புள்ளியாவது விழுந்திருந்தால் மென்பொருள் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 30 வினாடிக்கு ஒரு புள்ளி என்றால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 500 மீட்டர். சாய்வுத் தளமே அதற்குள் முடிந்துவிடும். டிராக்கரின் இடைவெளியை 10 வினாடிக்குக் கொண்டுவந்தால் 167 மீட்டர். சிம் தரவுச் செலவு கொஞ்சம் கூடும். அந்தச் செலவைச் செய்ய உரிமையாளர் மறுத்தால், மேம்பாலக் கேள்விக்கு விடை கேட்கும் உரிமையும் அவருக்கு இல்லை.

### மேலே மெட்ரோ பாலம், கீழே சாலை

வடபழனி, அசோக் நகர் பக்கம் நூறடிச் சாலைக்கு மேலேயே மெட்ரோ பாலம் போகிறது. வானம் மறைந்து, சமிக்ஞை கான்கிரீட்டிலும் கட்டடங்களிலும் பட்டுத் திரும்பி வருவதால் புள்ளிகள் பக்கத்துத் தெருக்களில் சிதறும். செயற்கைக்கோள் எண்ணிக்கையும் எச்டிஓபியும் (கிடைமட்டத் துல்லியம் எவ்வளவு கெடலாம் என்ற எண், கூடினால் மோசம்) கோப்பில் இருந்தால் பாருங்கள். ஐந்து செயற்கைக்கோளுக்குக் குறைவான வரிகளையும் எச்டிஓபி 4ஐத் தாண்டிய வரிகளையும் நான் பொருத்துவதற்கு முன்பே எறிந்துவிடுவேன். பத்து நல்ல புள்ளிகள் போதும். நூறு அழுக்குப் புள்ளிகள் கெடுக்கும்.

இதே வண்டி திறந்த நெடுஞ்சாலையிலும் இப்படித்தான் சிதறுகிறதா? அப்படியானால் மென்பொருளை மூடிவிட்டு வண்டியின் ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். டிராக்கரை இரும்புத் தகட்டுக்கு அடியில் திணித்திருப்பார்கள், அல்லது ஆன்டெனா தலைகீழாக இருக்கும். இதை எந்த எண்ணாலும் சரிசெய்ய முடியாது.

### கொண்டை ஊசி வளைவுகள்

கொல்லிமலைச் சாலையில் 70 வளைவுகள். மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் வரைபடத்தில் இடைவெளி மிகக் குறைவு. 30 வினாடி இடைவெளியில் ஒரு வளைவையே தாண்டிவிடும். இங்கே ஆரத்தைக் கூட்டுவது தற்கொலை. இடைவெளியைக் குறையுங்கள். பல டிராக்கர்களில் "திரும்பும்போது ஒரு புள்ளி அனுப்பு" என்ற அமைப்பு உண்டு, அதை இயக்குங்கள்.

க்யூஜிஐஎஸ்ஸிலேயே அருகிலுள்ள சாலையைத் தேடி ஒட்டவைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அடுக்கு பாகை அலகில் இருக்கும்போது 15 என்று ஆரம் கொடுத்தால் அது 15 மீட்டர் இல்லை, 15 பாகை. கன்னியாகுமரியில் நின்றுகொண்டு ஏறக்குறைய போபால் வரை சாலை தேடச் சொல்கிறீர்கள்.

## அறிகுறி 5: போகாத ஊருக்குப் போய்வருகிறது

நேராகப் போன வண்டி, திடீரென நான்கு கிலோமீட்டர் சுற்றி அதே இடத்துக்குத் திரும்பி வந்து மீண்டும் நேராகப் போகிறது. இந்த அறிகுறியால் மனிதர்களுக்குத் தீங்கு வரும் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். ஒரு வேன் உரிமையாளர், ஓட்டுநர் தினமும் டீசலை எங்கேயோ விற்கிறார் என்று முடிவுகட்டி, ஆதாரமாக இந்தக் கோட்டை அச்சிட்டுக்கொண்டு வந்தார். மூலப் புள்ளிகளைப் போட்டுப் பார்த்தோம். சுற்றிய பகுதியில் ஒரு புள்ளிகூட இல்லை. அந்த நான்கு கிலோமீட்டரையும் மென்பொருள் தானாகவே கற்பனை செய்திருந்தது.

ஆகவே முதல் சோதனை: சுற்றுப்பாதையில் மூலப் புள்ளிகள் உண்டா? இருந்தால் வண்டி உண்மையாகவே போயிருக்கிறது, அல்லது நேரக் கோளாறு. இல்லையென்றால் வரைபடக் கோளாறு.

### புள்ளிகள் இருக்கின்றன, ஆனால் முன்னும் பின்னும் குதிக்கின்றன

நேர வரிசை குலைந்திருக்கிறது. சிக்னல் இல்லாத இடத்தில் டிராக்கர் புள்ளிகளைச் சேமித்துவைத்து, சிக்னல் வந்ததும் மொத்தமாகக் கொட்டும். சர்வர் அவற்றை வந்து சேர்ந்த நேரப்படி அடுக்கியிருக்கும். கோப்பில் இரண்டு நேரப் பத்திகள் இருக்கும்: சாதன நேரம், சர்வர் நேரம். சாதன நேரப்படி வரிசைப்படுத்துங்கள். ஒரே நேரம் கொண்ட இரட்டை வரிகளை நீக்குங்கள்.

குதிப்பு சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால், சில வரிகள் உலக நேரத்திலும் சில இந்திய நேரத்திலும் கலந்திருக்கின்றன. தேதி ஏறக்குறைய 19 ஆண்டு ஏழு மாதம் பின்னால் இருந்தால், பழைய டிராக்கரின் வார எண்ணி 2019 ஏப்ரல் 6 அன்று சுழியத்துக்குத் திரும்பிய கதை. 1024 வாரங்களைக் கூட்டினால் தேதி சரியாகும். சாதனத்தை மாற்றுவது நிரந்தரத் தீர்வு.

ஒரே ஒரு புள்ளி மட்டும் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் அடுத்த நொடியே திரும்பியிருந்தால், அது செல்பேசிக் கோபுரத்தை வைத்து ஊகித்த இடம். ஜிபிஎஸ் கருவிகள் எழுதும் என்எம்இஏ வடிவ வரியில் "ஏ" என்றால் செல்லும், "வி" என்றால் செல்லாது. செல்லாதவற்றை நீக்குங்கள். அந்தக் குறி கோப்பில் இல்லையென்றால் அடுத்தடுத்த புள்ளிகளுக்கிடையே வேகத்தைக் கணக்கிட்டு, பால் வண்டி 300 கிலோமீட்டர் வேகத்தில் பறந்த இடங்களைத் தூக்குங்கள்.

### புள்ளிகள் இல்லை, மென்பொருளே சுற்றுகிறது

வழி கேட்கும் சோதனையைச் செய்யுங்கள். அதிலும் சுற்றினால், மலிவானதிலிருந்து:

1. இரண்டு சாலைகள் கண்ணுக்குச் சந்திக்கின்றன, தரவில் சந்திக்கவில்லை. பொதுவான கணு (இணைப்புப் புள்ளி) இல்லாமல் கோடுகள் ஒன்றையொன்று வெறுமனே கடந்து போகின்றன. ஜேஓஎஸ்எம் என்ற வரைபடத் திருத்தியின் சரிபார்ப்பான் இதை எச்சரிக்கும். அந்த வேன் கதையில் குற்றவாளி இதுதான்.
2. ஒருவழிக் குறி தவறு அல்லது பழையது. சென்னையில் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளுக்காக மாற்றிவிட்ட வழிகள் பல. இன்று சரியாக இருப்பது போன ஆண்டுத் தடத்துக்குச் சரியாக இருக்காது. பழைய தடத்துக்குப் பழைய தேதியின் சாலைத் தரவை ஏற்றுங்கள்.
3. திரும்பத் தடை என்று குறித்த சந்திப்பு. நேரில் பலகை இருக்கிறதா என்று பார்க்காமல் நீக்காதீர்கள்.
4. மையத்தடுப்பில் இருக்கும் திறப்பு வரைபடத்தில் இல்லை.

வரைபடம் சரி, வண்டிதான் எதிர்த்திசையில் வந்தது என்ற வாய்ப்பையும் மறக்க வேண்டாம். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. ஒரு வண்டி எதிரே வந்ததற்காக ஒருவழிக் குறியை உலகப் பொது வரைபடத்திலிருந்து அழிப்பது அநியாயம். வல்ஹல்லாவில் "இக்னோர் ஒன்வேஸ்" என்ற தேர்வை இயக்கி அந்தத் தடத்தை மட்டும் மறுபடி பொருத்துங்கள். சுற்று மறைந்தால் எதிர்த்திசைப் பயணம்தான்.

வரைபடத்தைத் திருத்திய உடனே விடை மாறாது. ஜியோஃபேப்ரிக் கோப்பு நாள்தோறும்தான் புதுப்பிக்கப்படும். அதை இறக்கி, சாலைத் தரவை மறுபடி தயாரித்து, சர்வரை மீண்டும் தொடங்கிய பிறகுதான் உங்கள் திருத்தம் உங்களுக்கே தெரியும். இதை மறந்துவிட்டு மூன்று முறை அதே சந்திப்பைத் திருத்தியவர்களில் நானும் ஒருவன்.

## அறிகுறி 6: கோடு நடுவே அறுந்துபோகிறது

அறுந்த இடத்தில் நேர இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள்.

பல நிமிடங்கள் இடைவெளி என்றால் டிராக்கர் தூங்கியிருக்கிறது, அல்லது ஓட்டுநர் அதன் இணைப்பைக் கழற்றியிருக்கிறார். இயந்திரம் அணைந்ததும் இடத்தை உறையவைத்துவிடும் டிராக்கர்களும் உண்டு. அவற்றில் அடுத்த புறப்பாட்டின் முதல் சில புள்ளிகள் தாமதமாகத்தான் விழிக்கும். இந்த இடைவெளியை மென்பொருளால் நிரப்பச் சொல்லாதீர்கள். ஓஎஸ்ஆர்எம் இயல்பாகவே நீண்ட நேர இடைவெளியில் தடத்தை வெட்டும். அது சரியான நடத்தை. இரண்டு பயணங்களாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நேர இடைவெளி இயல்பாக இருந்தும் அறுந்தால், அங்கே சாலை வரைபடத்திலேயே இல்லை. புதிய புறவழிச்சாலை, புதிய மனைப்பிரிவு, தொழிற்சாலை வளாகத்தின் உட்சாலை. செயற்கைக்கோள் படத்தில் சாலை தெரிகிறதா என்று பார்த்து வரைந்து சேர்த்துவிடுங்கள். வளாகத்தின் உட்சாலை வரைந்திருந்தும் பொருந்தவில்லை என்றால், அது தனியார் பாதை என்று குறிக்கப்பட்டிருக்கும்.

இவை எதுவும் இல்லாதபோது மட்டும் ஆரத்தைக் கூட்டலாம். 50இலிருந்து 80 அல்லது 100. அதற்கு மேல் தேவைப்பட்டால் மேலே எதையோ பார்க்காமல் தாண்டியிருக்கிறீர்கள்.

## அறிகுறி 7: நின்ற வண்டி ஊர் சுற்றுகிறது

இரவு முழுக்க ஷெட்டில் நின்ற லாரி காலையில் ஒன்பது கிலோமீட்டர் ஓடியதாகக் கணக்கு. நிற்கும்போது புள்ளிகள் சுற்றிலும் மிதக்கும். ஒவ்வொரு மிதப்பையும் மென்பொருள் பக்கத்துச் சந்துக்குள் ஒரு பயணமாக்கும். இயந்திரம் அணைந்த வரிகளை முதலில் நீக்குங்கள். அந்தப் பத்தி இல்லையென்றால், 30 மீட்டர் வட்டத்துக்குள் மூன்று நிமிடத்துக்கு மேல் தங்கிய புள்ளிகளை ஒரே புள்ளியாகச் சுருக்குங்கள். ஓஎஸ்ஆர்எம்மில் "டைடி" என்ற தேர்வு நெருக்கமான புள்ளிகளை ஓரளவு தானே ஒழுங்குபடுத்தும். ஆனால் முன்பே சுத்தம் செய்வதே மேல்.

## அறிகுறி 8: எல்லாம் சரி, தூரம் மட்டும் ஓடோமீட்டரோடு ஒத்துவரவில்லை

இரண்டு மூன்று சதவீத வேறுபாட்டை நான் கண்டுகொள்வதில்லை. தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு. அதனால் ஓடோமீட்டரே கொஞ்சம் கூட்டிக் காட்டும்.

மென்பொருள் கூட்டிக் காட்டினால் அறிகுறி 5க்கும் 7க்கும் திரும்புங்கள். குறைத்துக் காட்டினால் அறிகுறி 6. அறுந்த துண்டுகள் கணக்கில் சேரவில்லை. வளைவு அதிகமான சாலையில் பொருத்தாமல் புள்ளிக்குப் புள்ளி நேர்க்கோட்டில் அளந்தாலும் தூரம் குறையும்.

சில வண்டிகளுக்கு இவையெல்லாம் ஒரு மாலைப்பொழுது வேலை. நூற்றுக்கணக்கான வண்டிகளை ஓடும்போதே பொருத்த வேண்டும் என்றால் சொந்த சர்வரும், அமைப்புக் கோப்பை மாற்றத் தெரிந்த நிரலாளரும் வேண்டும். பொதுச் சோதனை சர்வரில் மொத்தமாக ஓட்டாதீர்கள். அது மற்றவர்களுடையதும்கூட. போதாக்குறைக்கு உங்கள் வாடிக்கையாளரின் வண்டி எங்கே இரவு நிற்கிறது என்பதை வெளியாருக்கு அனுப்புகிறீர்கள்.

விபத்து, காப்பீடு, வழக்கு என்று யாராவது கேட்டு வந்தால் பொருத்திய கோட்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அது மென்பொருளின் ஊகம். மூலக் கோப்பில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் நகல் எடுத்து வைத்துவிட்டு, வழக்கறிஞரிடம் அனுப்பிவிடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும். அதைத் தயாரிக்கும் முறையை வழக்கறிஞர் சொல்வார்.